விருந்து வழங்கி

ஜனவரி 12, 2025 – ஞாயிறு

எங்கள் ஊர்ச் சனம் வண்ணத்துப்பூச்சிகளைக் கொல்கிறது. கையால் நசுக்கியும், சூள் கொளுத்தியும், மருந்தடித்தும் கொல்கிறது. பிறகு கலியாண அட்டையிலும் பிறந்தநாள் கேக்கிலும் அதே வண்ணத்துப்பூச்சியைப் போட்டு அழகு பார்க்கிறது.

இன்று ஆராதனை முடிந்து நடந்த முன்பள்ளிக் குழுக் கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். தலைவர் சிமியோன் ஐயா, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்:

"ஜெனிற்றா, ஆர் பிள்ளை வண்ணத்துப்பூச்சியைச் சாக்கொல்லுறது? நான் என்ரை சீவியத்திலை ஒண்டைத் தொட்டதில்லை."

"உங்கடை தேசி மரத்திலை பச்சைப் புழு வந்தால் என்ன செய்வியள், ஐயா?"

"நசுக்குவன்."

"அதுதான் ஐயா வண்ணத்துப்பூச்சி."

சிரித்தார்கள். சிரித்த சிரிப்பிலேயே சம்மதித்தும் விட்டார்கள். முன்பள்ளியின் பின்வளவில் ஒரு வண்ணத்துப்பூச்சித் தோட்டம், என் பொறுப்பில். விலங்கியல் படித்துவிட்டு இரண்டு வருடமாக அரசாங்க நியமனம் பார்த்துக்கொண்டு வீட்டில் இருப்பவளுக்கு ஏதாவது கொடுப்போம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

எருக்கலை வைக்க விடவில்லை. "உது சுடலையிலை நிக்கிற செடி. சின்னப்பிள்ளையள் படிக்கிற இடத்திலையோ?" தேசி எலுமிச்சையும் கறிவேப்பிலையும் பரவாயில்லையாம். விட்டுக்கொடுத்தேன்.

பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்றும் கதை வந்தது. ஊரில் எல்லாரும் சொல்வது வண்ணாத்திப்பூச்சி. யாரோ அதைச் சொல்லி வாய் மூடவில்லை, உதயகலா அக்கா தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தார். முன்பள்ளியைக் கூட்டித் துப்புரவாக்குபவர், வளவைப் பார்ப்பவரும் அவர்தான். அவருடைய ஆட்கள் இரண்டு தலைமுறைக்கு முன்வரை இந்த ஊர் முழுவதற்கும் உடுப்பு வெளுத்தவர்கள். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். சிமியோன் ஐயா கோப்பையை எடுத்துக்கொண்டு, "வண்ணத்து எண்டே போடுங்கோ. அதுதான் மரியாதை" என்றார். மூலையில் ஒரு சிரிப்பு.

பத்து நிமிடத்துக்கு முன்தான் எல்லாரும் சகோதரர் என்று செபம் பண்ணியவர்கள்.

உதயகலா அக்கா ஒன்றும் கேட்காதவர் போலக் கோப்பைகளை வைத்துவிட்டுப் போனார். இந்தக் குழுவில் அவரை 'அக்கா' என்று கூப்பிடுவது நான் மட்டும்தான். சிமியோன் ஐயாவின் பேரன் கூட 'கலா' என்கிறான்.


ஜனவரி 18 – சனி

நெல்லியடிக்குக் கிட்ட, பிரகலாதன் அண்ணையின் கன்று நேசறி. திறப்பு விழா 26ஆம் திகதி என்று சிமியோன் ஐயா முடிவு செய்துவிட்டார். கன்று பெரிதாக இருக்க வேண்டும், படம் எடுத்துக் கனடாவுக்கு அனுப்ப வேண்டும், காசு தருபவர்கள் அங்கேதான். முளைக்கப் போட நேரமில்லை. இடுப்பளவு தேசி எட்டு, கறிவேப்பிலை பத்து எடுத்தேன். ஒரு இலையில் ஓட்டை இல்லை, ஒரு புள்ளி இல்லை. எண்ணெய் பூசியது போல மினுங்குகின்றன.

லான்ட்மாஸ்ரர் வண்டியில் ஏற்றும்போது அண்ணை சொன்னார்: "தங்கச்சி, மூண்டு மாசத்துக்கு உந்தக் கறிவேப்பிலையைக் கறிக்குப் பிடுங்கிப் போடாதேங்கோ."

"நான் கறிக்கு வாங்கேல்லை அண்ணை. பூச்சிக்கு வாங்கிறன்."

"பூச்சிக்கோ!" அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல பகிடிக்காரி."

வழி முழுக்க அவர் முகம் நினைவில் வந்து எனக்கும் சிரிப்பு.


ஜனவரி 20 – திங்கள்

நட்டு முடிந்தது. நான் குழி வெட்டியதைப் பார்த்துவிட்டு உதயகலா அக்கா மண்வெட்டியை வாங்கினார். "விடுங்கோ பிள்ளை, நீங்கள் வெட்டினால் கண்டுக்கு இல்லை, கோழிக்குத்தான் குழி." கன்றுகளைத் தடவிப் பார்த்தார். "கடையிலை விக்கிற பிளாஸ்ரிக் பூ மாதிரிக் கிடக்கு. ஒரு எறும்பு கூட ஏறேல்லை."

கை முழுக்கக் கொப்புளம்.


ஜனவரி 26 – ஞாயிறு

திறப்பு விழா. நாடா வெட்டினார்கள். படம் எடுத்தார்கள். நான் பேசினேன். பெற்றோர் போனைப் பார்த்தார்கள்.

பூ வைத்தால் மட்டும் போதாது என்று சொன்னேன். ஒவ்வொரு பூச்சிக்கும் முட்டையிட அதற்கென்றே ஒரு செடி வேண்டும், புத்தகத்தில் அதற்கு விருந்து வழங்கி என்று பெயர். அந்த இலையைப் புழு தின்ன விடவேண்டும். தின்று வளர்ந்ததுதான் பிறகு பூவுக்குப் பூ மகரந்தம் காவும். இரவில் வரும் அந்துப்பூச்சியும் அப்படித்தான். வத்தாளைக் கிழங்குக் கொடியின் இலையைத் தின்கிற கொம்புப் புழுவைக் கண்டால் நசுக்காதீர்கள், அதுதான் பெரிய அந்துப்பூச்சியாகி இருட்டுப்படும் மைமல் நேரத்தில் வந்து ஆண் பப்பாசியின் மகரந்தத்தைப் பெண் பப்பாசிக்குக் கொண்டுபோவது என்றேன்.

பின்னால் விளக்குமாற்றோடு நின்ற உதயகலா அக்கா கேட்டார்: "அப்ப உது பப்பாசிக்குக் கலியாணப் புறோக்கரோ, பிள்ளை?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும். "ஓம் அக்கா, புறோக்கர்தான்."

"அப்ப ஆண்மரத்தைத் தறிக்கப்படாதோ? காய்க்காத மரம் என்னத்துக்கு எண்டு நாளைக்குத் தறிக்க இருந்தனான்."

"கலா, அங்கை தேத்தண்ணி ஆறுது" என்றார் சிமியோன் ஐயா.

அந்தப் பேச்சில் கேள்வி கேட்டது அவர் ஒருவர்தான்.


ஜனவரி 31 – வெள்ளி

முட்டை! தளிர்களில், தேசியிலும் கறிவேப்பிலையிலும். மஞ்சள் கடுகு போல. முப்பத்தாறு வரை எண்ணினேன்.


பெப்ரவரி 5 – புதன்

பொரித்துவிட்டன. காக்கை எச்சத்தின் துளி போல ஒவ்வொன்று. ஒரு பிள்ளையின் தாய் படலையடியில் நின்று சத்தம் போட்டார்: "மயிர்க்கொட்டி வளர்க்கிறியளோ இஞ்சை? என்ரை பிள்ளைக்குக் கடி வந்தால் ஆர் பாக்கிறது?" எங்கள் ஊருக்கு எந்தப் புழுவும் மயிர்க்கொட்டிதான். இதில் ஒரு மயிர் கிடையாது.

"ஓம் ஓம், மருந்தடிச்சு விடுறன், நீங்கள் போயிட்டு வாங்கோ" என்று உதயகலா அக்கா சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. நான் வெளியே வரவில்லை. ஆனால் பிடிக்கவில்லை. நாளைக்குக் கேட்க வேண்டும்.


பெப்ரவரி 6 – வியாழன்

எல்லாம் செத்துவிட்டன.

எல்லாம். தளிரில் கறுத்துச் சுருங்கி, சில நூலில் தொங்கிக்கொண்டு. இலை அப்படியே இருக்கிறது, ஊசிமுனைக் கடி ஒன்றிரண்டுதான். தின்னத் தொடங்கியவுடனேயே கொன்றிருக்கிறாள்.

கேட்டேன். "மருந்து அடிச்சனீங்களோ?"

"நான் ஏன் பிள்ளை அடிக்கிறன்?"

அடிக்கவில்லை என்று சொல்லவில்லை, கவனித்தேன். கேள்விக்குக் கேள்வி. நேற்று என்ன சொன்னாள் என்று என் காது கேட்டது. ஒரு தாய் கத்தியதும் பயந்து அடித்திருக்கிறாள். அவ்வளவுதான். பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள், பகிடி விடுவார்கள், பிறகு தங்கள் பாட்டில் மருந்தை எடுப்பார்கள். இந்தச் சனம் திருந்தாது!

குழுவின் வட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். பிரதி:

'முன்பள்ளித் தோட்டத்தில் புழுக்கள் அனைத்தும் மருந்தடித்துக் கொல்லப்பட்டுள்ளன. செய்தது உதயகலா. சின்னப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் நஞ்சு தெளிக்கப்பட்டிருக்கிறது. குழு உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும்.'


பெப்ரவரி 9 – ஞாயிறு

குழுக் கூட்டம் தேத்தண்ணி ஆறும் நேரம் கூட எடுக்கவில்லை.

உதயகலா வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. "நான் அடிக்கேல்லை ஐயா. என்னட்டை மருந்து எங்கை கிடக்கு? பிள்ளையைக் கேளுங்கோ."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மருந்தடிச்சு விடுறன் எண்டு அவ சொன்னதை நான் என்ரை காதாலை கேட்டனான்" என்றேன். அது உண்மை.

"பிறகென்ன" என்றார் சிமியோன் ஐயா. "உவையளுக்கு இடம் குடுத்தால் உப்பிடித்தான். எனக்கு முதலே தெரியும்." உதயகலா முன்பள்ளிக் கதவுத் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போனார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

'உவையள்.' அந்தச் சொல் காதில் குத்தியது. நான் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நான் நஞ்சைப் பற்றித்தான் சொன்னேன்.

முதல் தடவையாக இந்தக் குழு நான் சொன்னதைக் கேட்டிருக்கிறது.


பெப்ரவரி 11 – செவ்வாய்

வளவைக் கூட்ட ஆளில்லை. நானே கூட்டினேன்.


பெப்ரவரி 19 – புதன்

கக்கூசுக்குப் பின்னால் ஒரு எருக்கலை. எப்போதோ வெட்டியது, திரும்பத் தழைத்து நிற்கிறது. அதில் ஒன்பது புழுக்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி. விரல் தடிப்பு. இலையை நரம்பு வரை தின்றிருக்கின்றன.

அந்த எருக்கலைக்கும் என் வரிசையின் கடைசித் தேசிக்கும் இடையில் மூன்று அடி. மூன்று அடிதான். மருந்து அடித்தவர் இவ்வளவு நிதானமாகவா அடித்திருப்பார்? காற்றுக்குக் கூட ஒரு துளி இந்தப் பக்கம் வரவில்லையா? இவ்வளவு பருத்த புழு எத்தனை நாளாக இங்கே இருக்கிறது? அன்று முட்டையாகவாவது இங்கே இருந்திருக்க வேண்டும்.




பெப்ரவரி 20 – வியாழன்

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை அம்மா வைத்தது, பழைய மரம். அதிலிருந்து ஆறு சின்னப் புழு எடுத்தேன். இரண்டு ஜாம் போத்தல். மூன்றுக்கு வீட்டு இலை. மூன்றுக்கு முன்பள்ளி இலை, நன்றாகக் கழுவி.

அம்மா எட்டிப் பார்த்தார். "என்னடி, பிள்ளைப்பேறு பாக்கிறியோ?"

போத்தல்களின் வாயைத் துணியால் கட்டினேன்.


பெப்ரவரி 22 – சனி

முன்பள்ளி இலைப் போத்தலில் இரண்டு செத்துவிட்டன.


பெப்ரவரி 23 – ஞாயிறு

மூன்றாவதும். வீட்டு இலைப் போத்தலில் மூன்றும் தின்று கொழுத்திருக்கின்றன.

ஆராதனைக்குப் போகவில்லை. தலையிடி என்று சொன்னேன்.


பெப்ரவரி 24 – திங்கள்

பிரகலாதன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். அண்ணை, கன்றுகளுக்கு என்ன போட்டனீங்கள்?

"வேரிலை குருணை மருந்து போட்டது தங்கச்சி. அது இலை முழுக்க ஏறி நிக்கும், ஒரு பூச்சி அண்டாது. அதாலைதானே கறிக்குப் பிடுங்கவேண்டாம் எண்டு சொல்லிவிட்டனான். ஏன், ஆரும் திண்டவையோ?"

இல்லை அண்ணை. ஒருவரும் தின்னவில்லை.

"அப்ப சரி. உங்களுக்குச் சொன்ன ஞாபகம் எனக்கு வடிவாய்க் கிடக்கு. நீங்கள் கூட ஏதோ பகிடி விட்டனீங்கள்."

இந்தக் கொப்பியைத் திருப்பினேன். ஜனவரி 18. என் கையெழுத்து. 'மூண்டு மாசத்துக்கு உந்தக் கறிவேப்பிலையைக் கறிக்குப் பிடுங்கிப் போடாதேங்கோ.' மேற்கோள் குறிக்குள் போட்டு, பகிடியையும் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று வருடம் விலங்கியல் படித்தவள் நான். மனிதர் தின்னக்கூடாத இலையைப் புழு தின்னலாமா என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. படத்துக்குக் கன்று பெரிதாக வேண்டும், அவ்வளவுதான் அன்றைக்கு என் கவலை. விருந்து வழங்கி என்று மேடையில் நின்று விளக்கம் கொடுத்தேன். விருந்துக்குக் கூப்பிட்டு நஞ்சு வைத்தது நான்.

ஜனவரி 20. 'ஒரு எறும்பு கூட ஏறேல்லை.' அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 6. இந்தப் பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. கொன்றிருக்கிறாள். சொன்னாள். ஜனவரியில் அவர், பெப்ரவரி ஆறில் அவள். கோபம் வந்த உடனே என் பேனைக்கு அது எவ்வளவு இலகுவாக வந்திருக்கிறது! சிமியோன் ஐயா 'உவையள்' என்றபோது காதில் குத்தியதாம் எனக்கு. குழுவுக்கு எழுதியதில் 'அக்கா' இல்லை. வேண்டுமென்று விட்டேனா? தெரியாமல் விட்டேனா? தெரியாமல் விட்டதென்றால் அது இன்னும் மோசம்.

ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லையே அன்று. ஏன் கேட்கவில்லை? நான் சிமியோன் ஐயாவின் மனைவியைச் சொல்லியிருந்தால் குழுவில் பதினொரு பேரும் கேட்டிருப்பார்கள். மருந்துப் போத்தலைக் காட்டு என்றிருப்பார்கள். உதயகலா அக்கா என்றபடியால் என் காது போதுமாயிருந்தது. என் சொல்லை மதித்தார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சீ.


பெப்ரவரி 25 – செவ்வாய்

காலையில் பிள்ளைகள் வருமுன் பதினெட்டுக் கன்றையும் பிடுங்கினேன். மத்தியானக் கஞ்சிக்கு யாராவது இலை பிடுங்கியிருந்தால்?

பிறகு சிமியோன் ஐயா வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீர் நேசமலரின்ரை மகள் எண்டபடியால் சொல்லுறன், கேளும். முடிஞ்ச கதை. கனடாவிலை இருக்கிற ஆக்களுக்கு அறிக்கை போட்டாச்சு. இப்ப போய் நாங்கள்தான் நஞ்சுக் கண்டு வைச்சம் எண்டு சொன்னால், பெற்றோர் என்ன செய்வினம்? முன்பள்ளியைப் பூட்டுறதோ?"

"உதயகலா அக்காவின்ரை வேலை, ஐயா?"

"அவளுக்கு வெங்காயத் தோட்டத்திலை வேலை கிடக்குதாம். சீசன்தானே."

அம்மாவும் அதைத்தான் சொன்னார்: "அவள் எங்கையும் பிழைப்பாள். உன்ரை நியமனம் வாற நேரம், பேரைக் கெடுக்காதை."

நான் கத்தவில்லை. எல்லாவற்றுக்கும் கத்துகிறவள் இதற்குக் கத்தவில்லை. ஏனென்றால் — உண்மையைச் சொல்ல வேண்டும், இங்கேயாவது — அவர்கள் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.


மார்ச் 2 – ஞாயிறு

பாவ அறிக்கைச் செபத்தை எல்லாரோடும் சேர்ந்து சத்தமாகச் சொன்னேன். பன்மையில் சொல்வது எவ்வளவு சுகம்.


மார்ச் 5 – புதன்

உதயகலா அக்கா வீட்டுக்கு இன்றும் போகவில்லை. எங்கள் படலை வரை சைக்கிளை உருட்டிவிட்டுத் திரும்பினேன்.


மார்ச் 8 – சனி

போனேன்.

பின்னேரம் ஆறு மணி, தோட்ட வேலை முடிந்து வந்திருப்பார் என்று. போகும் வழியில் ஒரு கிலோ அப்பிளும் பிஸ்கற்றும் வாங்கினேன். வாங்கும்போதே வெட்கமாக இருந்தது, ஆனால் வெறுங்கையோடு போக அதைவிடப் பயம்.

அவர் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றார். விரல் இடுக்கெல்லாம் வெங்காயத் தோட்டச் செம்மண். மகள் மதுரா கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"வருவியள் எண்டு தெரியும்" என்றார் உதயகலா அக்கா. "பையோடை வருவியள் எண்டும் தெரியும். அதை அப்பிடியே சைக்கிளிலை கொழுவி விடுங்கோ."

கொழுவினேன். சொன்னேன். நேசறி, குருணை, போத்தல், பிடுங்கியது எல்லாம்.

"எப்ப தெரிய வந்தது?" என்று மட்டும் கேட்டார்.

"இருபத்திநாலாம் திகதி."

"இண்டைக்கு எட்டு." விரல் விட்டு எண்ணினார். "பன்ரண்டு நாள்."

நான் நிலத்தைப் பார்த்தேன். வேலிக்கரையோரம் வத்தாளைக் கொடி படர்ந்து கிடந்தது. பாதி இலைகள் ஓட்டை, சில இடத்தில் நரம்பு மட்டும். ஒரு கொடியில், வாலில் கொம்பு வைத்த பெரிய பச்சைப் புழு, சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "நீங்கள்தானே சொன்னனீங்கள், அது தின்னாட்டி மற்றது வராது எண்டு. முந்தியெண்டால் காலாலை உழக்கிப் போடுவன். இவள் மதுரா பேசுறாள், இந்த முறை கிழங்கு விழாது எண்டு."

ஆண் பப்பாசியும் தறிக்கப்படாமல் கிணற்றுக்கப்பால் நின்றது. அந்த மைமலில், பூங்கொத்தின் முன் பெரிய சாம்பல் அந்துப்பூச்சி ஒன்று வந்து, செட்டை தெரியாமல் அடித்து, அந்தரத்தில் நின்றது. வாசம் வந்தது. அது பெண்மரத்துக்குப் போயிற்று.

"புறோக்கர் வந்திட்டார்" என்றார் அக்கா. சிரிக்கவில்லை. பழக்கத்தில் வந்த சொல்.

அன்று என் பேச்சை அத்தனை பேரில் கேட்டது ஒரே ஒருவர். நான் பிடித்துக் கொடுத்ததும் அவரைத்தான்.

"என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ அக்கா" என்றேன்.

"இஞ்சை அக்கா எண்டுறியள். அந்தக் குறூப்பிலை அக்கா எண்டு போடேல்லை. இவள் வாசிச்சுக் காட்டினவள். ஆரோ அனுப்பியிருக்கினம், ஊர் முழுக்கப் போயிருக்கு. பிள்ளையளுக்கு நஞ்சு வைச்சவள் எண்டு சந்தையிலை என்னைப் பாத்துச் சொல்லுகினம்."

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அழாதேங்கோ. அழுதால் பிறகு நான்தான் உங்களைத் தேற்ற வேணும். நான் விடியத் தொடக்கம் குனிஞ்சு, நாரி முறிஞ்சு நிக்கிறன்." பிறகு சொன்னார்: "மன்னிப்பை இஞ்சை கொண்டு வராதேங்கோ. எங்கை சொன்னனீங்களோ அங்கை போய்ச் சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு, என்னைத் திரும்ப எடுக்கினமோ இல்லையோ எண்டு கேட்டு வந்து சொல்லுங்கோ. ஓமெண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை. அந்த ஒரு பதில்தான் எனக்கு வேணும்."


மார்ச் 9 – ஞாயிறு

குழுவில் போட்டேன். நான்கு தரம் எழுதி அழித்து ஐந்தாவது தரம்:

'பெப்ரவரி 6ஆம் திகதி நான் உதயகலா அக்காவைப் பற்றி எழுதியது பொய். அவர் மருந்து அடிக்கவில்லை. நான் வாங்கி வந்த கன்றுகளில் நஞ்சு இருந்தது. விற்றவர் எனக்குச் சொல்லியிருந்தார், நான் கவனிக்கவில்லை. தெரிந்த பிறகும் இரண்டு கிழமை பேசாமல் இருந்தேன். அன்று நான் எழுதியதை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள். உதயகலா அக்காவைத் திரும்ப வேலைக்கு எடுப்பீர்களா? ஓமா, இல்லையா?'

எல்லாரும் பார்த்துவிட்டார்கள். நீலச் சரி விழுந்திருக்கிறது. ஒரு மணித்தியாலம் கழித்து ஒருவர் ரோசாப்பூப் படத்தில் வேத வசனம் போட்டார். அதற்குப் பதினொரு பேரில் எட்டுப் பேர் 'ஆமென்' போட்டார்கள்.


மார்ச் 12 – புதன்

'சிமியோன் உங்களை நீக்கியுள்ளார்.'


மார்ச் 16 – ஞாயிறு

ஆராதனையில் அறிவித்தல் நேரத்தில் எழுந்து நின்றேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

எழுதியதையே சொன்னேன். புத்தகத் தமிழில் தொடங்கினேன், பாதியில் அது வராமல் போயிற்று. "அவ செய்யேல்லை. நான் செய்தனான். அவவின்ரை வேலையை நான்தான் பறிச்சனான். நீங்கள் ஒருத்தர் கூட என்னட்டை ஆதாரம் கேக்கேல்லை. ஏன் கேக்கேல்லை? இப்ப கேக்கிறன், அவவைத் திரும்ப எடுப்பியளோ, மாட்டியளோ?"

போதகர் சிமியோன் ஐயாவைப் பார்த்தார். சிமியோன் ஐயா பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினார். தேடி, எடுத்து, இலக்கத்தைச் சொன்னார். எல்லாரும் எழுந்தார்கள். நான் முதலே நின்றபடியால் பாட்டுக்கு எழுந்தவள் போலவே தெரிந்திருக்கும்.

வெளியில் வரும்போது ஒரு அன்ரி என் கையைத் தடவி, "உமக்கு நல்ல மனசு" என்றார். என்னைப் பற்றியா இவ்வளவும்?


மார்ச் 20 – வியாழன்

கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். குழுவுக்கு ஒன்று, போதகருக்கு ஒன்று.


மார்ச் 27 – வியாழன்

பதில் இல்லை. இல்லை என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை. கோபித்திருந்தாலாவது திருப்பிச் சண்டை பிடித்திருப்பேன். சந்தையில் கண்டால் சிரிக்கிறார்கள், நியமனம் என்னவாயிற்று என்று கேட்கிறார்கள்.

காலையில் முன்பள்ளியைத் தாண்டிப் போனேன். வேறொரு பெண் வளவு கூட்டிக்கொண்டிருந்தார். பெயர்ப்பலகை அப்படியே நிற்கிறது. நான் கன்று பிடுங்கிய குழிகளில் கம்பி நட்டு, கம்பியில் பிளாஸ்ரிக் வண்ணத்துப்பூச்சிகள் கொழுவியிருக்கிறார்கள். காற்றுக்கு ஆடுகின்றன. கக்கூசுக்குப் பின்னால் நின்ற எருக்கலையை வேரோடு எடுத்துவிட்டார்கள்.

இரண்டு கிழமையாகச் சுற்றுப்பாதையால்தான் சைக்கிளில் போகிறேன், வெங்காயத் தோட்டப் பக்கம் போகாமல். இன்று அந்தப் பாதையில் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை.

வரம்போரம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் குனிந்து வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தார்கள். தலையைத் திருப்பிக்கொண்டு வேகமாக மிதித்தேன். தாண்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"பிள்ளை!"

நின்றேன். அவர் நாரியில் கையை வைத்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். மற்றப் பெண்களும் நிமிர்ந்தார்கள். நான் சேர்ச்சில் சொன்னது அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையில் மண்ணோடு ஒரு பிடி வெங்காயம்.

"கேட்டனீங்களோ?"

"ஓம் அக்கா."

"என்ன சொன்னவை?"

சைக்கிளின் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓமோ, இல்லையோ? சொல்லுங்கோ."